டிராக் டே: விபத்து நடந்தால் யார் பொறுப்பு, எந்தப் பாலிசி பணம் தரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டை மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே, கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட் போன்ற பந்தயத் தளங்களில் கட்டணம் கட்டிச் சொந்தக் காரையோ பைக்கையோ ஓட்டிப்பார்க்கும் அமெச்சூர்களுக்காக எழுதப்பட்டது இது. பதில்கள் எல்லாம் இந்தியச் சட்டத்தையும் இங்கே புழக்கத்தில் உள்ள பாலிசி வாசகங்களையும் ஒட்டியவை. உங்கள் பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

என் காருக்கு பம்பர் டு பம்பர் பாலிசி இருக்கிறது. டிராக்கில் இடித்தால் கிளெய்ம் கிடைக்குமா?

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி ஷெட்யூலில் ‘லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும். வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்ற பட்டியல் அது: வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, ஆர்கனைஸ்டு ரேஸிங், பேஸ் மேக்கிங் (பந்தயத்தில் வேகம் காட்ட முன்னால் ஓடுவது), ஸ்பீட் டெஸ்டிங், ரிலையபிலிட்டி ட்ரையல் (வண்டி தாக்குப்பிடிக்கிறதா என்று சோதிக்கும் ஓட்டம்), வாகன வியாபாரம். எந்த நிறுவனத்தின் தனியார் கார் பாலிசியை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான்.

இது ஓன் டேமேஜுக்கு, அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கு, மட்டுமான விலக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பின்பக்கத்தில் வரும் ‘ஜெனரல் எக்ஸெப்ஷன்ஸ்’ பகுதி இதை முழுப் பாலிசிக்கும் பொருத்துகிறது. அதனால் உங்கள் காரின் சேதம், அடுத்தவர் சொத்துக்கான 7.5 லட்ச ரூபாய் வரம்பு, உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு மூன்றும் சேர்ந்தே போய்விடும். ஜீரோ டெப், எஞ்சின் புரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் எல்லாம் அடிப்படைப் பாலிசியின் மேல் நிற்கும் ஆட்‑ஆன்கள். அடிப்படையே பேசாத இடத்தில் அவையும் பேசாது.

நேரம் அளப்பதில்லை, போட்டி இல்லை, பரிசு இல்லை. வெறும் பயிற்சி நாள் எப்படிப் பந்தயம் ஆகும்?

வாதம் உண்டு. ‘ரேஸிங்’ என்றால் ஒருவரை ஒருவர் முந்தப் போட்டியிடுவது. ‘ஸ்பீட் டெஸ்டிங்’ என்றால் வேகத்தைச் சோதிப்பது. லேப் டைமர் இல்லாத, பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுக்கும் வகுப்பு இரண்டிலும் சேராது என்று சொல்லலாம். பாலிசி வாசகம் இரண்டு பொருள் தந்தால் எழுதிக்கொடுத்த நிறுவனத்துக்கு எதிராகத்தான் படிக்க வேண்டும் என்ற விதியும் உங்கள் பக்கம்.

ஆனால் அந்த வாதம் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடலாமே தவிர, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் எடுபடாது. அவர் ‘டிராக்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கிளெய்ம் செல்லாது என்று எழுதிவிடுவார். லேப் டைம் காட்டும் ஆப் ஓடிக்கொண்டிருந்த காணொளியை நீங்களே இணையத்தில் ஏற்றியிருந்தால் வாதமும் முடிந்தது.

2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அமலேந்து சாகு வழக்கைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். தனியார் கார் வாடகைக்கு ஓடியபோது விபத்து. பயன்பாட்டு நிபந்தனை மீறப்பட்டிருந்தும் கிளெய்மை அடியோடு தள்ளக் கூடாது, ஒரு பகுதியாவது கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இதை நம்பி டிராக்குக்குப் போகாதீர்கள். வாடகைக்கு ஓடியதால் கார் இடிபடவில்லை. டிராக்கில் ஓடியதால்தான் உங்கள் கார் இடிபட்டது. நிறுவனத்தின் வக்கீல் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் சொல்வார்.

கூடுதல் பிரீமியம் கட்டி அந்த நாளுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ள முடியாதா?

ஐ.எம்.டி. 31 என்ற எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் இணைப்பு) பற்றி ஏஜென்ட் சொல்வார். ரிலையபிலிட்டி ட்ரையலுக்கும் ராலிக்கும் உரியது அது. தனியார் காருக்கும் டூவீலருக்கும் கிடைக்கும். நிகழ்ச்சியின் பெயர், இடம், தேதி, நடத்துபவர் எல்லாம் அதில் எழுதப்படும். பிரச்சினை அடுத்த வரிகளில் இருக்கிறது: ரேஸிங், பேஸ் மேக்கிங், ஸ்பீட் டெஸ்டிங் மூன்றுக்கும் இது பொருந்தாது என்று அதிலேயே போட்டிருக்கும். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் மரணம், காயம் இரண்டுக்கும் பொறுப்பில்லை என்றும் இருக்கும். ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் இத்தனை ரூபாய் உங்களுடையது என்ற நிபந்தனை வேறு. சர்க்யூட் ஓட்டத்துக்கு இது உதவாது.

பிரிட்டனில் ஒரு நாளுக்கென்று தனியாக டிராக் டே பாலிசி விற்கிறார்கள். வண்டி மதிப்பில் சுமார் பத்து சதவீதத்தை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் சொந்தச் சேதத்துக்கு மட்டும். இங்கே சில்லறையில் அப்படி வாங்கக் கிடைப்பதில்லை. எப்படியும் கேட்டுப்பார்க்க விரும்பினால் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் நிகழ்ச்சி விவரத்தோடு கேளுங்கள், பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேரில் ஒருவர் போனில் ‘கவர் ஆகும் சார்’ என்றது எங்கேயும் செல்லாது.

டிராக்கில் மார்ஷல் (ஓரத்தில் நின்று கொடி காட்டும் பணியாளர்) மீதோ பார்வையாளர் மீதோ மோதிவிட்டால் என் தேர்ட் பார்ட்டி காப்பீடு பேசுமா?

இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146‑ஆம் பிரிவு ‘பொது இடத்தில்’ ஓடும் வண்டிக்குத்தான் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. பொதுமக்களுக்குச் செல்லும் உரிமை உள்ள இடம்தான் பொது இடம் என்கிறது பிரிவு 2(34). சுற்றுச்சுவர் போட்ட சர்க்யூட் தனியார் இடம்தானே என்று தோன்றும். ஆனால் நீதிமன்றங்கள் இந்தச் சொல்லை அகலமாகவே படித்திருக்கின்றன. பார்வதி தேவி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, அனுமதியோடு மக்கள் வந்துபோகும் தனியார் இடமும் இதில் அடங்கும் என்ற நிலையை எடுத்தது. டிக்கெட் வாங்கிப் பார்வையாளர் நுழையும் நாளில் இந்த வாதத்துக்கு வலு அதிகம்.

பொது இடம் என்றே வைத்தாலும் நிறுவனத்துக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 150 என்று எண் மாறிய பழைய 149‑ஆம் பிரிவு, நிறுவனம் எந்தெந்தக் காரணங்களைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று வரிசைப்படுத்துகிறது. ‘ஆர்கனைஸ்டு ரேஸிங், ஸ்பீட் டெஸ்டிங்’ விலக்கு அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. நடைமுறையில் தீர்ப்பாயங்கள் பல வகை நிபந்தனை மீறல்களில், முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிடுவது உண்டு. காயம்பட்டவருக்கு அது நல்லது. உங்களுக்கோ கடன்காரர் மாறுகிறாரே தவிரக் கடன் குறைவதில்லை.

போலீஸ் வழக்கு வருமா?

வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281‑ஆம் பிரிவு, அதாவது கண்மூடித்தனமாக ஓட்டுவது, பொதுவழிக்குத்தான் பொருந்தும். ஆனால் 106(1), 125 இரண்டுக்கும் இடக் கட்டுப்பாடு இல்லை. அலட்சியத்தால் மரணம் என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு வரை. உயிரிழப்பு நடந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும், வண்டி நிலையத்துக்குப் போகும், நடத்தியவரையும் விசாரிப்பார்கள்.

18 வயது நிரம்பியவர் சம்மதித்து ஏற்ற தீங்கு, மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் எண்ணமும் அறிவும் இல்லாமல் நேர்ந்தால் குற்றமில்லை என்கிறது 25‑ஆம் பிரிவு. பொழுதுபோக்காக வாள்சண்டை போடும் இருவர் அதற்கு உதாரணம். அந்த உதாரணத்திலேயே ‘விதிமீறாமல் ஆடும்போது’ என்ற நிபந்தனையும் இருக்கிறது. சிவப்புக் கொடி காட்டியும் வேகத்தைக் குறைக்காமல் வந்து மோதியவருக்கு இது கைகொடுக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189‑ஆம் பிரிவு பற்றியும் கேட்கிறார்கள்: அரசின் எழுத்து அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஈ.சி.ஆரில் நள்ளிரவு ஓட்டத்துக்கு உரிய பிரிவு அது.

காலையில் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்த இன்டெம்னிட்டி ஃபாரத்துக்கு எவ்வளவு மதிப்பு?

அதை வெற்றுச் சடங்கு என்று ஒதுக்கவும் வேண்டாம், எல்லா உரிமையும் போயிற்று என்று பதறவும் வேண்டாம். பொதுவாக அதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கும். பிரித்துப் படியுங்கள்.

முதலாவது, ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறேன் என்பது. இதற்கு வலு உண்டு. 1930-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் பந்தயத்தின்போது இரண்டு கார்கள் உரசி, ஒன்று தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர்கள் மேல் விழுந்தது. பந்தயத்துக்கே உரிய, தெரிந்தே ஏற்கும் ஆபத்துக்குத் தள உரிமையாளர் பொறுப்பல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு அது.

இரண்டாவது, நடத்துபவரின் அலட்சியத்துக்கும் வழக்குப் போட மாட்டேன் என்பது. இதுதான் ஆட்டம் காணும் இடம். வேகமாக ஓட்டினால் கவிழலாம் என்ற ஆபத்தைத்தான் நீங்கள் ஏற்றீர்கள். ஆம்புலன்ஸ் இல்லாமல் செஷன் நடத்துவார்கள் என்பதை ஏற்கவில்லை. பொதுநலக் கொள்கைக்கு எதிரான உடன்படிக்கை செல்லாது என்ற இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 23‑ஆம் பிரிவை இங்கே எழுப்பலாம். கட்டணம் வாங்கியதால் இது சேவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்றும், நியாயமற்ற ஒப்பந்தம் என்றும் முறையிடலாம்.

மூன்றாவதைத்தான் யாரும் படிப்பதில்லை. உங்களால் பிறருக்கு ஏற்படும் இழப்பையும், அதற்காக நடத்துபவர் மேல் வரும் வழக்குச் செலவையும் நீங்களே ஈடுகட்டுவேன் என்பது. முதல் இரண்டும் உங்கள் உரிமையைக் குறைக்கின்றன. இது உங்கள் மேல் புதிய கடனை ஏற்றுகிறது. அதற்குத் தொகை வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஃபாரத்தை ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். காலை ஏழு மணிக்கு ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாரும் சட்டம் படிக்க முடியாது.

இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் செலவு யாருடையது?

டிராக் வழக்கம்: அவரவர் வண்டி அவரவர் செலவு. பெரும்பாலான ஃபாரங்களும் அப்படியே சொல்லும். சட்டப்படி, அலட்சியத்தை நிரூபித்தால் சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். ஆனால் சாலையில் அலட்சியம் என்று சொல்லும் எல்லாமே டிராக்கில் அலட்சியம் ஆகாது. வளைவில் பிடி விட்டுச் சுழல்வது விளையாட்டின் பகுதி. கையசைத்து வழிவிட்டால் மட்டுமே, அதுவும் நேர்பாதையில் மட்டுமே முந்தலாம் என்று ப்ரீஃபிங்கில் சொன்ன பிறகு வளைவுக்குள் நுழைந்து முந்துவது அப்படி அல்ல.

வண்டி தயாரிப்பில் நடக்கும் தவறுகள் இன்னும் தெளிவானவை. முந்தின நாள் ஆயில் மாற்றி ட்ரெயின் பிளக்கைச் சரியாக முறுக்காமல் வந்து, டிராக்கில் ஆயில் சிந்தி, பின்னால் வந்த பைக் விழுந்தால் தப்பிக்கச் சொல்ல எதுவுமில்லை. கட்டாத பேட்டரி, தேய்ந்த பிரேக் பேட், கழன்று பறக்கும் நம்பர் பிளேட் எல்லாம் இதே வகை. பைக்குகளில் கிளைக்கால் கலந்த கூலன்ட்டை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் இதற்குத்தான்: சிந்தினால் கிளைக்கால் எளிதில் காயாது, ஆயில் போலவே வழுக்கும். சர்வீஸ் பில்லையும் ஓட்டத்துக்கு முன் வண்டியைப் பரிசோதித்துத் தரும் டெக் இன்ஸ்பெக்‌ஷன் தாளையும் பத்திரப்படுத்துங்கள். கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

பேரியர் சேதத்துக்கும் பில் போடுவார்களா?

போடுவார்கள். ஸ்டீல் தடுப்பு, டயர் சுவர், ஆயில் கழுவுதல், கிரேன் வாடகை. அலட்சியம் இருந்ததா என்ற கேள்வியே எழாது; ஃபாரத்தில் ஒப்புக்கொண்ட கடன் இது. விலைப்பட்டியலை முன்கூட்டியே கேளுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் ஹெல்த் இன்ஷூரன்ஸ் உதவுமா?

உதவும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கார் பாலிசிக்குக் கொடுக்கும் கவலையில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும் என்பது எங்கள் கருத்து. காரைத் திரும்ப வாங்கலாம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகளில் ‘எக்ஸ்க்ளூஷன் 09’ சாகச விளையாட்டு பற்றியது. மோட்டார் ரேஸிங்கும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் வாசகத்தைக் கவனியுங்கள்: ‘தொழில்முறையாளராக’ பங்கேற்றதால் வரும் சிகிச்சைக்குத்தான் விலக்கு. சம்பளமோ ஸ்பான்சரோ பரிசுப் பணமோ இல்லாமல் கட்டணம் கட்டி ஓட்டும் அமெச்சூருக்கு அது பொருந்தாது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் முதலில் இந்த ஒரு சொல்லை எடுத்துக்காட்டுங்கள். போட்டி உரிமம் வைத்திருப்பவர், ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியில் வருபவர் இந்த எல்லையில் நிற்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

புதுப் பாலிசியின் 30 நாள் காத்திருப்பு விபத்துக்குக் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் அபாயகரமான பொழுதுபோக்கு உண்டா என்று கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்தால், 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டி முடிக்கும் வரை அதையே காரணம் காட்டி மறுக்க முடியும். அலுவலக குரூப் பாலிசிக்குத் தனி வாசகம் இருக்கலாம், எச்.ஆரிடம் முழுப் பாலிசியைக் கேளுங்கள், இரண்டு பக்கச் சுருக்கம் போதாது.

தனிநபர் விபத்துப் பாலிசி, டெர்ம் இன்ஷூரன்ஸ்?

விபத்துப் பாலிசிகள் கடுமையானவை. பழைய வகைப்பாட்டிலேயே சக்கர வாகனப் பந்தயம் சுரங்கத் தொழிலாளிகளோடு சேர்த்து மூன்றாம் அபாயப் பிரிவில் இருந்தது. இன்றும் பலவற்றில் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையே இல்லாமல் ரேஸிங் முழுதும் விலக்கு. டெர்ம் பாலிசியில் அடிப்படை மரணப் பலன் பொதுவாகக் கிடைக்கும், விண்ணப்பத்தில் பொய் சொல்லாதவரை. அதோடு சேர்த்து வாங்கும் விபத்து மரண ரைடர் வேறு கதை. அதில் ரேஸிங் விலக்கு சாதாரணம்.

நடத்துபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள். பங்கேற்பாளருக்கு விபத்துக் காப்பீடு உண்டா, தலைக்கு எவ்வளவு, மருத்துவச் செலவுக்கு எவ்வளவு? உண்டு என்றால் பாலிசியின் முதல் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்: காப்பீடு பெறுவோர் என்ற இடத்தில் ‘லைசென்ஸ் பெற்ற போட்டியாளர்’ என்று மட்டும் இருந்தால் நீங்கள் அதில் இல்லை. சென்னையில் தலைமையகம் உள்ள இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதித்த நிகழ்ச்சியா, வெறுமனே டிராக்கை வாடகைக்கு எடுத்து நடத்துவதா? எத்தனை ஆம்புலன்ஸ், ஒன்று நோயாளியோடு வெளியே போனால் செஷனை நிறுத்துவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

‘பப்ளிக் லயபிலிட்டி இருக்கிறது’ என்று பதில் வந்தால் எது என்று கேளுங்கள். 1991-ஆம் ஆண்டின் அந்தப் பெயருடைய சட்டம் ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கானது. நிகழ்ச்சிக்கு எடுப்பது வேறு, அது வணிகப் பாலிசி. அதுவும் பெரும்பாலும் வெளியாருக்கு நேரும் இழப்புக்குத்தான், ஓட்டுபவருக்கு அல்ல.

டிராக்குக்குப் போகும் வழியில்? பேடாக்கில் (டிராக்குக்கு வெளியே வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் இடம்) நிற்கும்போது?

சாலையில் வழக்கமான பாலிசி முழுமையாகச் செல்லும். ஆனால் பள்ளக்கோடுகள் இல்லாத, பந்தயத்துக்கான ஸ்லிக் டயரைப் போட்டு, கண்ணாடியையும் விளக்கையும் கழற்றிவிட்டுச் சாலையிலேயே ஓட்டிவராதீர்கள். டிரெய்லரில் ஏற்றிவந்தால் சாலை வழியான டிரான்ஸிட் சேதம் நிலையான கார் பாலிசியிலேயே அடக்கம். பேடாக்கில் நிறுத்திய காரை இன்னொருவர் ரிவர்ஸில் இடித்தால் அது ரேஸிங் அல்ல, கிளெய்ம் செய்யலாம். டிராக்குக்குள் நுழையும் பாதையான பிட் லேனைத் தாண்டியதும் கதை மாறுகிறது.

நண்பரின் கார், லோன் கார், செல்ஃப் டிரைவ் வாடகைக் கார்?

நண்பரின் பாலிசியும் அன்று பேசாது. முழு இழப்பும் உங்கள் தலையில். லோன் காரில் வலி இரட்டை: ஐந்து லட்சம் பாக்கி இருக்கும்போது கார் நொறுங்கினால் காரும் இல்லை, காப்பீடும் இல்லை, மாதாமாதம் ஈ.எம்.ஐ. மட்டும் நிற்காது. வாடகைக் காரை டிராக்கில் இறக்குவது ஒப்பந்த மீறல், ஜி.பி.எஸ். காட்டிக்கொடுக்கும். உற்பத்தியாளர் வாரன்டியிலும் போட்டிப் பயன்பாட்டு விலக்கு உண்டு. எரிந்த கிளட்சுக்கு டீலரிடம் சண்டை போடுவதற்கு முன் வாரன்டிக் கையேட்டைப் படியுங்கள்.

மகனுக்கு 16 வயது. நான் கையெழுத்துப் போட்டால் போதுமா?

நடத்துபவருக்குப் போதலாம், சட்டத்துக்குப் போதாது. சிறார் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இன் மோஹரி பீபி தீர்ப்பு முதல் மாறாத விதி. பெற்றோர் எழுதிக் கொடுத்தாலும் சிறுவனின் சொந்த உரிமையை அது பறித்துவிடும் என்று நடத்துபவர் நம்ப முடியாது. மேலே சொன்ன 25‑ஆம் பிரிவும் 18 வயது நிரம்பியவருக்கே. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான், அது உரிமம் பெற்ற போட்டியாக இருந்தும். அமெச்சூர் நாளுக்கு 18 வரை காத்திருக்கச் சொல்வோம்.

விபத்து நடந்துவிட்டது. முதல் 24 மணி நேரத்தில் என்ன செய்வது?

சிகிச்சை முதலில். ஆஸ்பத்திரியில் கவனிக்க வேண்டியது ஒன்று: கேஷுவாலிட்டியில் வண்டி விபத்து என்றதும் ‘ஆர்.டி.ஏ.’, அதாவது சாலை விபத்து என்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். பிறகு ஹெல்த் நிறுவனம் எஃப்.ஐ.ஆர். எங்கே, எந்தச் சாலை, மறுதரப்பு யார் என்று கேட்டுக் கேட்டு இழுக்கும். தனியார் டிராக்கில் பயிற்சியின்போது விழுந்தது என்று எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுவே வர வேண்டும். போலீசுக்குத் தெரிவிப்பதற்கான எம்.எல்.சி. பதிவு போடுவார்கள், தடுக்க வேண்டாம். ஹெல்த் நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுங்கள்.

கூட வந்தவர் நடத்துபவரிடம் சம்பவ அறிக்கையின் நகல் வாங்க வேண்டும். கையெழுத்திட்ட ஃபாரம், கட்டண ரசீது, மார்ஷல் போஸ்ட் எண், கேமரா மெமரி கார்டு எல்லாம் ஒரே உறையில் போகட்டும். வெற்றுத்தாளிலோ, ‘முழுத் தவறும் என்னுடையது’ என்ற தாளிலோ அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்.

காரை வெளியே கொண்டுபோய், ஹைவேயில் நடந்ததாகச் சொன்னால்?

ஏமாற்றுக் குற்றம், அவ்வளவுதான். சர்வேயர்கள் இதைப் பலமுறை பார்த்தவர்கள். டயர் ஓரத்தில் உருண்டு ஒட்டிய ரப்பர் துணுக்கு, அடியில் சிக்கிய கிராவல், டயர் சுவரின் பெயின்ட், ஏர்பேக் கம்ப்யூட்டரில் பதிந்த வேகம், உங்களை டேக் செய்த நண்பரின் படம் எதுவும் ஹைவேயில் கிடைப்பதில்லை.

கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்துவிட்டார்கள். எங்கே போவது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தியில்லை என்றாலோ, மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரை உத்தரவிட முடியும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம். அமெச்சூருக்கு மறுக்கப்பட்ட ஹெல்த் கிளெய்முக்கு இந்த வழியைத் தயங்காமல் பிடியுங்கள். மறுக்கப்பட்டது ஓன் டேமேஜ் என்றால், லேப் டைமர் ஓடியதா, ஃபாரத்தில் ‘ரேஸ்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மனுவை எழுதத் தொடங்குங்கள்.